கடிகார மாற்றத்தை ஒழிக்கலாம், ஆனால் எந்த நேரத்தில் நிறுத்துவது?

வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் மறுபடி பின்னே இழுக்கும் வழக்கத்தைத் தொடர வேண்டுமா, ஒழித்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழித்துவிடலாம் என்பதே என் பதில். ஆனால் ஒழித்த பிறகு கடிகாரம் குளிர்கால நேரத்தில், அதாவது சீர் நேரத்தில் நிற்க வேண்டும். கோடைக்கால நேரத்திலேயே ஆண்டு முழுவதும் நிற்கப் போகிறோம் என்றால், ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் இந்தத் தொல்லையே மேல்.

கடைசி வாக்கியம் பலருக்கு விசித்திரமாகப் படும் என்று தெரியும். மாற்றத்தை வெறுப்பவர், மாற்றம் ஒழிந்தால் எந்தப் பக்கம் நின்றால் என்ன என்றுதான் நினைப்பார். கருத்துக் கணிப்புகளும் அப்படித்தான் கேட்கின்றன: மாற்றம் வேண்டுமா, வேண்டாமா? பெரும்பாலோர் வேண்டாம் என்கிறார்கள். சரி, எதில் நிற்கலாம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டவுடன் அந்தப் பெரும்பான்மை உடைந்துபோகிறது. ஒரு கூட்டம் மாலை வெளிச்சம் வேண்டும் என்கிறது; இன்னொன்று விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது என்கிறது.

ஐரோப்பாவில் நடந்தது இதுதான். 2018இல் ஐரோப்பிய ஆணையம் இணையவழியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் மாற்றத்தை ஒழிக்கச் சொன்னார்கள். (பதில்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜெர்மனி என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தது. ஆகவே ஐரோப்பாவே திரண்டெழுந்து சொன்ன தீர்ப்பு என்று இதைக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.) 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 410க்கு 192 என்ற வாக்கில், 2021உடன் மாற்றத்தை நிறுத்த ஒப்புக்கொண்டது. எந்த நேரத்தில் நிற்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்றும் சொன்னது. அந்த இடத்தில் விஷயம் முடங்கியது. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றத்தில் ஒருமித்த முடிவு வரவில்லை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவிலும் கதை இதேதான். 2022 மார்ச்சில் செனட் சபை நிரந்தரக் கோடை நேரத்துக்கான மசோதாவை எதிர்ப்புக் குரல் ஒன்றுகூட இல்லாமல் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எதற்காக இந்த வழக்கம் வந்தது என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம். இதை யாரும் மாற்ற முடியாது. பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகக் கோடைப் பகல் நீள்கிறது, குளிர்காலப் பகல் சுருங்குகிறது. நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல்; டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. கோடையில் அதிகாலை நாலே முக்காலுக்கே, கடிகாரத்தைத் தள்ளாவிட்டால் மூன்றே முக்காலுக்கே, வெயில் வந்துவிடும். ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்போது கொட்டும் அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் சேர்த்துக்கொள்வோம் என்பதுதான் யோசனை. இது நடு அட்சரேகைகளுக்கான யோசனை. வெப்ப மண்டலத்தில் மாற்ற எதுவும் இல்லை. துருவத்தை ஒட்டிய இடங்களில் கோடையில் வெளிச்சம் அபரிமிதம், குளிர்காலத்தில் அறவே பஞ்சம். ஒரு மணி நேரத்தைத் தள்ளி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் கடிகாரத்தைத் தொடவே இல்லை. 1784இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதம் முழுக்க முழுக்கக் கேலி: ஜன்னல் கதவுகளுக்கு வரி போடுங்கள், மெழுகுவத்தியை அளந்து கொடுங்கள், விடிந்ததும் தெருவுக்குத் தெரு பீரங்கி வெடித்துச் சோம்பேறிகளை எழுப்புங்கள் என்று எழுதினார். கடிகாரத்தையே நகர்த்தலாம் என்று உண்மையாகச் சொன்னவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். 1895இல் வெலிங்டன் நகரின் அறிவியல் சங்கத்தில் இரண்டு மணி நேர மாற்றத்தை முன்வைத்தார். அவர் பூச்சியியலாளர், வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டியிருந்தது. அவரை அறியாமலே 1907இல் லண்டன் கட்டடத் தொழில் அதிபர் வில்லியம் வில்லெட் ஒரு சிறு வெளியீட்டில் இன்னொரு திட்டத்தைச் சொன்னார்: ஏப்ரலில் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக முன்னே தள்ளுவது, செப்டம்பரில் அதே போலப் பின்னே இழுப்பது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1915இல் வில்லெட் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று, போரில் எரிபொருளை மிச்சப்படுத்த ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் கடிகாரத்தை முன்னே தள்ளின. மூன்று வாரம் கழித்து பிரிட்டனும் அதையே செய்தது. எதிரி செய்தால் உடனே புரிந்துவிடுகிறது.

விவசாயிகளுக்காக வந்த ஏற்பாடு என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உண்மை நேர் எதிர். விவசாயிக்குப் பனி காய்ந்த பிறகுதான் வைக்கோலைத் தொட முடியும். பனி சூரியனைப் பார்த்துக் காய்கிறது, ஆனால் கூலியாள் கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்குப் போகிறார். மாட்டுக்கும் பால் கறக்கும் நேரம் சட்டத்தால் மாறுவதில்லை. 1919இல் அமெரிக்க நாடாளுமன்றம் கோடை நேரத்தை ரத்து செய்தபோது அதிபர் வில்சன் தடுத்தார். விவசாயிகளின் அழுத்தத்தால் அந்தத் தடையையும் மீறி ரத்து நிறைவேறியது. கோடை நேரத்தை விரும்பியவர்கள் வேறு ஆட்கள்: மாலையில் வாடிக்கையாளரை எதிர்பார்க்கும் கடைக்காரர்கள், கோல்ஃப் மைதானக்காரர்கள், வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடும் அடுப்புகளை விற்பவர்கள். 1980களில் அமெரிக்கா கோடை நேரத்தை நீட்டிக்க விவாதித்தபோது கோல்ஃப் துறையினரே நேரில் போய், கூடுதல் ஒரு மாதம் தங்களுக்கு எத்தனை கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. மாலை வெளிச்சத்தில் வெளியே நடமாடுவது நல்லதுதான். ஆனால் நாட்டின் மின்சாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அதற்குப் பூச்சூட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மின்சார வாதம் இன்றைக்கு ஏறக்குறைய செத்துவிட்டது. மின்விளக்கே வீட்டின் பெரிய செலவாக இருந்த காலத்தில், மாலையில் ஒரு மணி நேரம் விளக்கை ஏற்றாமல் இருந்தால் மிச்சம் தெரிந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு சொற்ப மின்சாரம் எடுக்கிறது, ஏ.சி.யும் ஹீட்டரும்தான் விழுங்குகின்றன. அமெரிக்க எரிசக்தித் துறை, 2007இல் நீட்டிக்கப்பட்ட கோடை நேரத்தை ஆராய்ந்து, நீட்டிக்கப்பட்ட நாள் ஒன்றுக்கு அரை சதவீத மிச்சம் என்று சொன்னது. ஆண்டு மொத்தத்தில் பார்த்தால் அது 0.03 சதவீதம். இந்தியானா மாநிலம் இன்னும் சுவாரசியமான சோதனை. அங்கே பெரும்பாலான மாவட்டங்கள் 2006 வரை கடிகாரத்தை மாற்றாமல் இருந்தன. பிறகு மாநிலம் முழுவதும் மாற்றத்துக்கு வந்தது. அதே வீடுகளின் மின் கட்டணங்களை முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வீட்டு மின்செலவு சுமார் ஒரு சதவீதம் கூடியதைக் கண்டார்கள். விளக்கில் மிச்சமானதை, இன்னும் சூடு தணியாத மாலையில் வீடு திரும்பியவர்களின் ஏ.சி. தின்றுவிட்டது. பிரேசில் 2019இல் மாற்றத்தைக் கைவிட்டபோது சொன்ன காரணமும் இதுதான்: மின் தேவையின் உச்சம் மாலையிலிருந்து பிற்பகலுக்கு நகர்ந்துவிட்டது.

ஒழிக்க வேண்டும் என்பவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது மாற்றம் நடக்கும் வாரத்தின் பாதிப்புகளை. இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களோடே எனக்குக் கொஞ்சம் சச்சரவு உண்டு. ஸ்வீடனின் மாரடைப்புப் பதிவேட்டை வைத்து 2008இல் வந்த ஆய்வு, வசந்த மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் மாரடைப்புகள் சுமார் 5 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. 2020இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அதே வாரத்தில் உயிரிழப்பு நேரும் சாலை விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. ஆனால் மிச்சிகன் மருத்துவமனைகளின் தரவைப் பார்த்த இன்னோர் ஆய்வைப் பாருங்கள். வசந்த மாற்றத்துக்கு மறுநாள் திங்களன்று மாரடைப்புகள் 24 சதவீதம் அதிகம் என்ற செய்தி உலகம் சுற்றியது. அந்த வாரத்தின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை என்ற அதே ஆய்வின் முடிவு அவ்வளவாகச் சுற்றவில்லை. எப்படியும் வரவிருந்த மாரடைப்பு ஓரிரு நாள் முந்திக்கொண்டது என்றே அதைப் படிக்க வேண்டும். பாதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை; தூக்கம் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அந்த வாரம் நல்லதல்ல. ஆனால் அது ஒரு வாரத்துச் சேதம். அதைக் குறைக்கவும் வழி உண்டு: முந்தைய சில நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடமாக முன்னதாகப் படுப்பது, காலையில் வெளியே போய் வெளிச்சத்தில் நிற்பது. ஒரு வாரத்துச் சேதத்தைக் காரணம் காட்டி ஐந்து மாதச் சேதத்தைத் தலையில் கட்டிக்கொள்வதுதான் நிரந்தரக் கோடை நேரம்.

ஏன் ஐந்து மாதச் சேதம் என்பதற்கு உடலின் கடிகாரத்துக்குப் போக வேண்டும். விழித்திரையில் பார்வைக்கான அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து மூளைக்குச் சொல்லும் ஒரு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் அதுவே தாளம் போடுகிறது. மனிதர்களில் இந்தத் தாளத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம் போல அதிகம். ஆகவே சும்மா விட்டால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். காலை வெளிச்சம் அதை முன்னே இழுக்கிறது. மாலை வெளிச்சம் இன்னும் பின்னே தள்ளுகிறது. நிரந்தரக் கோடை நேரம், குளிர்காலத்தில் காலை வெளிச்சத்தைப் பிடுங்கி மாலைக்குக் கொடுக்கிறது. அதாவது இழுக்கும் கையை வெட்டிவிட்டுத் தள்ளும் கைக்கு வலுச் சேர்க்கிறது. தூக்கம் தாமதமாக வருகிறது. அலாரம் மட்டும் அதே எண்ணில் அடிக்கிறது. இந்த இடைவெளியைத்தான் தூக்க ஆய்வாளர்கள், நேர வலயம் தாண்டிப் பறந்தவரின் களைப்போடு ஒப்பிட்டு, சமூகப் பயணக் களைப்பு என்கிறார்கள். பதின்ம வயதினருக்கு உடல் கடிகாரம் இயல்பாகவே பின்தங்கி ஓடுவதால் அவர்களுக்குத்தான் அடி அதிகம்.

இது ஆய்வகத்து ஊகம் அல்ல. ஒரே நேர வலயத்துக்குள் கிழக்கு ஓரத்தில் இருப்பவருக்கும் மேற்கு ஓரத்தில் இருப்பவருக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரின் தூக்க நேரத்தைத் தொகுத்த டில் ரோன்னெபெர்க் குழுவினர், மக்களின் தூக்கம் சூரியனைப் பின்தொடர்ந்து, கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகப் பாகைக்கு 4 நிமிடம் என்ற அதே கணக்கில் தாமதமாவதைக் காட்டினார்கள். அமெரிக்காவில் நேர வலய எல்லைகளின் இரு பக்கமும் வசிப்பவர்களை ஒப்பிட்ட ஆய்வில், சூரியன் தாமதமாக மறையும் பக்கத்தில் இருப்பவர்கள் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். மாலை வெளிச்சத்தால் தாமதமாகப் படுக்கிறார்கள், ஆனால் வேலையும் பள்ளியும் காத்திருப்பதில்லை. நிரந்தரக் கோடை நேரம் என்பது நாடு முழுவதையும் 15 பாகை மேற்கே குடி பெயர்த்துவிட்டு, பழைய ஊரின் அலுவலகத்துக்கே தினமும் வேலைக்கு வரச் சொல்வது போன்றது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020இல் நிரந்தரச் சீர் நேரத்தையே பரிந்துரைத்தது இதனால்தான். செனட் சபை இரண்டு ஆண்டு கழித்து அதற்கு நேர் எதிரான மசோதாவை நிறைவேற்றியது என்பதையும் கவனியுங்கள்.

எண்களாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிரந்தரக் கோடை நேரம் வந்தால், ஆண்டின் இருண்ட வாரங்களில் லண்டனில் சூரியன் காலை 9 மணிக்கு மேல்தான் உதிக்கும். கிளாஸ்கோவில் ஒன்பதே முக்கால். தங்கள் நேர வலயத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் டெட்ராய்ட், இந்தியானாபொலிஸ் போன்ற அமெரிக்க நகரங்களில் சுமார் 9 மணி. ஸ்பெயினின் மேற்குக் கரையில் உள்ள வீகோவில் 10 மணி. பள்ளியின் முதல் வகுப்பு முடிந்து இரண்டாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது விடியும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டன் 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை ஆண்டு முழுவதும் கோடை நேரத்தில் இருந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சாலை விபத்துகளின் கணக்கு அந்தச் சோதனைக்குச் சாதகமாகவே இருந்தது. காலையில் கூடியதைவிட மாலையில் குறைந்தது அதிகம். (குடித்துவிட்டு ஓட்டுபவர்களை மூச்சுச் சோதனையில் பிடிக்கும் சட்டம் 1967இல் வந்ததால், எந்தப் பெருமை யாருக்கு என்று பிரிப்பது கடினம்.) ஆனாலும் கட்டடத் தொழிலாளர்கள், தபால்காரர்கள், பால் விநியோகிப்பவர்கள், ஸ்காட்லாந்து விவசாயிகள் என்று விடியலில் வெளியே வேலை செய்யும் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள், மக்களவை 366க்கு 81 என்று அதைத் தூக்கி எறிந்தது. அமெரிக்கா, எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரி 6 அன்று அதே சோதனையைத் தொடங்கியது. டிசம்பரில் 79 சதவீதமாக இருந்த ஆதரவு பிப்ரவரியில் 42 சதவீதமாக விழுந்தது. ஃபுளோரிடாவில் இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் சிலர் வாகனங்களில் அடிபட்டு இறந்த செய்திகள் வந்தபின் அதைத் தாங்கிப் பேச ஆளில்லை. இரண்டு ஆண்டுச் சோதனையாக வந்தது, அந்த ஆண்டு அக்டோபரிலேயே கைவிடப்பட்டது. ரஷ்யா 2011இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போனது. 2014 அக்டோபரில் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு மாறியது. மூன்று நாடுகள், மூன்று விதமான அரசியல், ஒரே முடிவு.

எதிர் உதாரணங்களும் உண்டு. துருக்கி 2016 முதல் நிரந்தரக் கோடை நேரத்தில் இருக்கிறது. இருட்டில் பள்ளிக்குப் போவது பற்றிய முறையீடுகளும் கூடவே இருக்கின்றன. ஐஸ்லாந்து 1968 முதல் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திய கடிகாரத்தோடு வாழ்கிறது. அங்கே டிசம்பரில் எந்தக் கடிகாரம் வைத்தாலும் காலை இருட்டுதான் என்பதால், அதை நடு அட்சரேகைக்காரர்கள் உதாரணமாக எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. சீனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம். தூர மேற்கே ஷின்ஜியாங்கில் உய்குர் மக்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய தங்கள் சொந்த நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். அரசின் கடிகாரம் சூரியனை விட்டு ரொம்பவே விலகினால் மக்கள் தாங்களே இன்னொன்று செய்துகொள்வார்கள்.

நான் சொல்லும் நிரந்தரச் சீர் நேரத்துக்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஜூனில் வார்சாவில் அதிகாலை 3:14க்கு விடியும், பெர்லினில் 3:43, நியூயார்க்கில் 4:25. லண்டனில் சூரியன் இரவு 9:21க்குப் பதில் 8:21க்கு மறையும். வேலை முடிந்து விளையாடப் போகிறவருக்கு, தோட்டத்தில் உட்காருகிறவருக்கு, வெளியே மேசை போட்டு உணவு பரிமாறுகிறவருக்கு இது உண்மையான இழப்பு. நான் அதை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், இரண்டு இழப்புகளும் ஒரே தரத்தவை அல்ல. அதிகாலை வெளிச்சத்தைத் தடித்த திரைச்சீலை போட்டு மறைக்கலாம். ஜனவரியில் வராத வெளிச்சத்தை எந்தத் திரையை விலக்கியும் கொண்டுவர முடியாது. தவிர, கோடையில் லண்டன்காரருக்கு எட்டரை வரை வெளிச்சம் இருந்தாலே அது ஏராளம்.

மாற்றத்தை ஆதரிப்பவர்களின் வாதங்களில் எனக்கு மிகவும் வலுவானதாகப் படுவது ஒன்று உண்டு; பலர் அதைச் சரியாகச் சொல்வதுகூட இல்லை. "கோடையில் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ளுங்களேன்" என்று கிண்டல் செய்வது சுலபம். ஆனால் தனி ஒருவரால் அது முடியாது. பள்ளி, அலுவலகம், ரயில், கடை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் நகர்ந்தால்தான் எவரும் நகர முடியும். கடிகாரத்தை மாற்றுவது இத்தனை பேரையும் ஒரே இரவில், ஒரு பேச்சுவார்த்தையும் இல்லாமல் நகர்த்திவிடுகிறது. தந்திரம் என்ற அளவில் அது அபாரம்தான். ஈரான் 2022இல் மாற்றத்தைக் கைவிட்ட பிறகு, கோடையில் அரசு அலுவலகங்களையே முன்னதாகத் திறக்கத் தொடங்கியது. சிரமமான வழி, ஆனால் நேர்மையான வழி. வெப்பம் அதிகமுள்ள பகுதி ஒரு விதமாகவும், குளிர்ப் பகுதி வேறு விதமாகவும் முடிவு செய்துகொள்ள அதில் இடமிருக்கிறது. கட்டடத் தொழில் முன்னதாகத் தொடங்கட்டும், உயர்நிலைப் பள்ளி தாமதமாகத் தொடங்கட்டும். எல்லோரையும் ஒரே திசையில் தள்ள வேண்டிய அவசியமில்லை.

யார் முடிவெடுத்தாலும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஊருக்கு ஊர் தனித்தனியாக முடிவெடுத்தால் நரகம். 1966இல் பொதுச் சட்டம் வரும் முன் அமெரிக்காவில் அப்படித்தான் இருந்தது: மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லிலிருந்து ஒஹாயோவின் ஸ்டூபென்வில்லுக்கு 35 மைல் பஸ் பயணத்தில் ஏழு முறை கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இன்றும் அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனுள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி மாற்றுகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் ஹோப்பி நிலப்பகுதி மாற்றுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மாற்றத்தை நிறுத்தி பிரிட்டன் தொடர்ந்தால், ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக் குடியரசும் பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தும் பகிரும் ஒரே தீவில் ஆண்டில் பாதி நாள் இரண்டு நேரங்கள் இருக்கும். டப்ளினில் உள்ள குடியரசின் அரசுக்கு அது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

இரண்டாவது, அவகாசம். கணினிகளும் கைபேசிகளும் உலக நேர வலயங்களின் பொதுத் தரவுத்தளம் ஒன்றை நம்பி ஓடுகின்றன. ஓராண்டு முன்பே அறிவித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரத்தைச் சில நாள் முன்னறிவிப்பில் ரமலான் முடியும்வரை தள்ளிவைத்தது. கிறிஸ்தவத் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிறுவனங்களும் மறுத்தன. கைபேசிகள் ஒரு நேரம் காட்டின, அரசு அலுவலகங்கள் இன்னொரு நேரத்தில் இயங்கின. சில நாட்களில் அரசு பின்வாங்கியது.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் நிரந்தரச் சீர் நேரத்துக்குப் போக இன்றே சட்டம் அனுமதிக்கிறது. ஹவாயும் அரிசோனாவும் அப்படித்தான் இருக்கின்றன. நிரந்தரக் கோடை நேரத்துக்குத்தான் நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். பல மாநிலங்கள் திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டு, பூட்டிய கதவின் முன் தீர்மானம் நிறைவேற்றிக் காத்திருக்கின்றன. அயல் மாநிலங்கள் நாலைந்து சேர்ந்து ஒரே தேதியில் சீர் நேரத்தில் நின்றுவிட்டால் அங்கே பாதி வேலை முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் அங்கே வலயமே கோணலாக இருக்கிறது. வார்சாவும் வீகோவும் ஒரே மத்திய ஐரோப்பிய நேரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் சூரியக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசம். ஸ்பெயின் 1940இல் ஃபிராங்கோ ஆட்சியின்போது இந்த நேரத்துக்கு மாறியது, திரும்பவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றுக்கும் இந்த நேரம் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தின் மிச்சம். இந்த நாடுகளின் குளிர்கால நேரமே ஏற்கெனவே ஒரு கோடை நேரம் மாதிரிதான். ஆகவே மாற்றத்தை ஒழிப்பதற்கு முன் ஸ்பெயினும் பிரான்ஸும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் பிரிட்டனின் வலயத்துக்கு நகர வேண்டும். அதன் பிறகு எல்லோரும் அவரவர் சீர் நேரத்தில் நிற்கலாம். ஸ்பெயின் நாடாளுமன்றக் குழு ஒன்று 2013இலேயே பிரிட்டனின் வலயமான மேற்கு ஐரோப்பிய நேரத்துக்குத் திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் அடுத்த முறை இந்தக் கோப்பைத் திறப்பவர்கள் அந்தப் பரிந்துரையிலிருந்து தொடங்கினால், எந்த நேரத்தில் நிற்பது என்ற சண்டையின் பாதி அங்கேயே தீரும்.